விழாத பாற்பல்லும் தாடைக்குள் ஒளிந்த பற்கட்டியும்

பாற்பல் விழும் பருவம் குழந்தைக்கும் வீட்டாருக்கும் மகிழ்ச்சியான பருவம். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. எறிந்த நாள்முதல் குழந்தை கண்ணாடியின்முன் நின்று ஈறைத் தடவிப் பார்த்தபடி இருக்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ புதிய பல்லின் வெள்ளை விளிம்பு தென்படும்.

சில குழந்தைகளுக்கு மட்டும் ஒரு பாற்பல் விழாமலேயே நின்றுவிடுகிறது. எங்கள் பல் மற்றும் முகத்தாடை அறுவைப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்றை இங்கே விவரிக்கிறோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தந்தையுடனும் பாட்டியுடனும் வருகிறாள். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முளைத்துவிட்டது. வலப்பக்கத்தில் இன்னும் சிறிய பாற்பல்லே நிற்கிறது. வலி இல்லை, வீக்கமும் வெளியே தெரியவில்லை. “தானா விழும், அவசரப்படாதீங்க” என்று பாட்டி சொல்லிவந்ததால் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டுதான் அவர்களை எங்களிடம் அழைத்துவந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். அந்தப் பாற்பல்லின் வேருக்கு மேலே, எலும்புக்குள், அரிசிமணிகளை அள்ளி வைத்தாற்போல் சிறு சிறு பல் உருவங்கள் ஒரு கூட்டமாகத் தெரிகின்றன. அவற்றுக்கும் மேலே, வெளிவர வழியின்றி, நிலைப்பல் காத்திருக்கிறது. “இது ஒருவகைக் கட்டி” என்று மருத்துவர் சொன்னவுடன் தந்தை பேச்சற்றுப் போகிறார். பின்னர், பாட்டியையும் பேத்தியையும் வெளியே அமரச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: “இது கேன்சரா, டாக்டர்?”

அந்தக் கேள்விக்கான விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். அன்று. இது புற்றுநோய் அன்று. இதன் பெயர் ஒடோன்டோமா. பல்லை உருவாக்கும் திசுக்களே ஒழுங்கு தவறி வளர்வதால் தோன்றும் தீங்கற்ற கட்டி இது.

பல்லாகவே ஆன கட்டி

பல் ஒன்று உருவாவதற்கு நான்கு பொருள்கள் வேண்டும். வெளியே தெரியும் பளபளப்பான எனாமல், அதன் உள்ளே பல்லின் பெரும்பகுதியாக அமையும் டென்டின், வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம், நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடும் பற்கூழ் ஆகியவையே அவை. குழந்தை கருவில் இருக்கும்போதே இவற்றை ஆக்கும் அணுக்கள் தாடைக்குள் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எந்த இடத்தில், எந்த வடிவில், எத்தனை பற்கள் வேண்டும் என்ற ஒழுங்கின்படி அவை இயங்கி, பாற்பற்கள் இருபதையும் நிலைப்பற்கள் முப்பத்திரண்டையும் அமைக்கின்றன.

அந்த ஒழுங்கு ஓரிடத்தில் பிசகும்போது ஒடோன்டோமா பிறக்கிறது. பொருள்கள் யாவும் பல்லுக்கு உரியவையே, அமைப்புதான் மாறிப்போகிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் பால் புரோக்கா 1860களில் இவ்வகைக் கட்டிகளுக்கு இப்பெயரின் மூலவடிவத்தை வழங்கினார். அவர் காலத்தில் பல்திசுவில் தோன்றும் பலவகைக் கட்டிகளுக்கும் பொதுவாக இருந்த பெயர், இன்று இந்த ஒருவகைக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

இதில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகையில் சிறு சிறு பல் உருவங்கள் ஒரு மெல்லிய பைக்குள் கூட்டமாக இருக்கும். ஒவ்வொன்றையும் உற்று நோக்கினால் அதற்கென ஒரு தலையும் வேர் போன்ற பகுதியும் தெரியும். இது பெரும்பாலும் மேல்தாடையின் முன்பகுதியில் காணப்படுகிறது. இதனைக் கூட்டுவகை எனலாம். இரண்டாம் வகையில் பல் வடிவம் எதுவும் இராது. எனாமலும் டென்டினும் ஒன்றோடொன்று குழம்பி, கல்போன்ற ஒரே திரளாக இருக்கும். இது பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில், கடைவாய்ப்பற்கள் இருக்கும் இடத்தில் தோன்றுகிறது. இதனைத் திரள்வகை எனலாம்.

பெற்றோர் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புற்றுநோய்க் கட்டி எல்லை தெரியாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்கும் பரவும். ஒடோன்டோமா அவ்வாறு செய்வதில்லை. பல் முற்றிக் கடினமானபின் எவ்வாறு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறதோ, அவ்வாறே இதுவும் முற்றியபின் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அதனால்தான் இதனைக் கட்டி என்பதைவிட வளர்ச்சிப் பிழை என்று கூறுவதே பொருத்தம் என மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

இரண்டு சிறுவர்களின் கதை

இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் ஒரு பல்லின் அளவையோ இரண்டு பற்களின் அளவையோ தாண்டுவதில்லை. மிக அரிதாகச் சில பெரிதாக வளர்ந்து நாளேடுகளில் இடம்பெறுகின்றன. நம் நாட்டிலேயே நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் உலகெங்கும் பேசப்பட்டன.

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், மகாராட்டிர மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினேழு வயது இளைஞர் ஒருவர் மும்பையிலுள்ள ஜே.ஜே. மருத்துவமனைக்கு வந்தார். ஒன்றரை ஆண்டாகக் கீழ்த்தாடையில் வீக்கம். உள்ளூரில் காரணம் தெரியாத நிலையில், புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமே தந்தையைப் பெருநகருக்கு அழைத்துவரத் தூண்டியது. ஏறத்தாழ ஏழு மணிநேரம் நடந்த அறுவையில் 232 பல் உருவங்கள் வெளியே எடுக்கப்பட்டன. பளிங்குபோல் கடினமாக இருந்த திரளை உடைத்து எடுக்க உளியும் சுத்தியலும் தேவைப்பட்டன. தந்தையின் அச்சம் பொய்யாயிற்று. அது ஒடோன்டோமாவே.

2019ஆம் ஆண்டு, சென்னையிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வலப்பக்கக் கீழ்த்தாடையில் வீக்கத்துடன் அழைத்துவரப்பட்டான். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்தபின் அறுவை நடந்தது. ஏறத்தாழ இருநூறு கிராம் எடையுள்ள பை ஒன்று முழுமையாக எடுக்கப்பட்டது. அதனைத் திறந்து எண்ணியபோது உள்ளே 526 பல் உருவங்கள் இருந்தன. அவற்றுள் மிகச் சிறியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. பெரியது பதினைந்து மில்லிமீட்டர். எலும்பைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேலிருந்தே திறந்து பையை எடுத்ததால் தாடையை மறுசீரமைக்கும் தேவை எழவில்லை. சிறுவனுக்கு இருபத்தொரு பற்கள் நலமாக மிஞ்சின.

வியப்பூட்டும் இந்த எண்களைவிட நாங்கள் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அச்சிறுவனுக்கு வீக்கம் முதலில் தென்பட்டது மூன்று வயதில். அப்போது அது சிறிதாக இருந்தது. குழந்தையும் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அழும் குழந்தையை வாய் திறக்கவைப்பது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் இன்று ஒத்துழைக்காத குழந்தையைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அழைத்துவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருமுறை முடியவில்லை என்பதற்காகப் பார்க்காமலேயே விட்டுவிட வேண்டியதில்லை.

எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?

ஒடோன்டோமா பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. அதனால் அது தானே வந்து கதவைத் தட்டாது. நாம்தான் தேடிக் காணவேண்டும். பெரும்பாலானவை இருபது வயதுக்குள், வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகவே கண்டறியப்படுகின்றன. பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இருப்பினும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு பக்கத்து நிலைப்பல் முளைத்து ஆறு மாதங்கள் கடந்தும் மறுபக்கத்தில் அதே பல் வராமலிருத்தல். மேல்வரிசையின் நடு முன்பற்கள் பொதுவாக ஏழு அல்லது எட்டு வயதிலும், அவற்றுக்கு அடுத்த பற்கள் எட்டு அல்லது ஒன்பது வயதிலும், மேல் கோரைப்பற்கள் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதிலும் வெளிவரும். சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது இயல்பே. ஆனால் இடமும் வலமும் ஒத்துப்போகாமலிருப்பது கவனிக்கத்தக்கது.

விழவேண்டிய வயது கடந்தும் ஒரு பாற்பல் மட்டும் அசையாமல் உறுதியாக நிற்றல்.

நேராக இருந்த பற்கள் காரணமின்றி விலகுதல், சாய்தல், இடையே புதிய இடைவெளி தோன்றுதல்.

ஈறிலோ தாடையிலோ கல்போன்ற, வலியற்ற புடைப்பு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விழாத பாற்பல்லை வீட்டில் நூல் கட்டி இழுக்கவேண்டாம். எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்கச் சொல்லவும் வேண்டாம். அது நிற்பதற்கான காரணம் அடியில் இருக்கக்கூடும்.

இவற்றுக்கு நேர்மாறாக, வேறு சில அறிகுறிகள் ஒடோன்டோமாவைச் சுட்டுவதில்லை. ஆனால் விரைவாகப் பார்க்கவேண்டியவை. சில வாரங்களிலேயே வேகமாகப் பெருகும் வீக்கம், உதடோ தாடையோ மரத்துப்போதல், காரணமின்றிப் பற்கள் ஆடுதல், இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், வாயிலிருந்து தானே இரத்தம் கசிதல் ஆகியவை தோன்றினால் நாள் கடத்தாமல் வாருங்கள்.

எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன?

தீங்கற்றது என்கிறீர்களே, பிறகு ஏன் அறுவை என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஒடோன்டோமா உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது தாடைக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் வழியில் வரவேண்டிய நிலைப்பல் தடைபட்டு எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அருகிலுள்ள பற்கள் நகர்கின்றன. சிலருக்கு அதனைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி எலும்பை அரிக்கிறது. மிகச் சிலருக்கு அது ஈறைத் துளைத்து வாய்க்குள் எட்டிப்பார்க்கும்போது கிருமித்தொற்றும் வலியும் ஏற்படுகின்றன.

குழந்தைகளிடம் காலம் நமக்குத் துணையாக நிற்கிறது. நிலைப்பல்லின் வேர் வளர்ந்து முடியுமுன் தடையை அகற்றினால் அந்தப் பல் தானே இறங்கி வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வேர் முழுவதும் வளர்ந்தபின் அந்த வாய்ப்புக் குறைகிறது. இரண்டு ஆண்டுத் தாமதத்தின் விலை பெரும்பாலும் இதுவே.

பெரியவர் ஒருவருக்கு வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் சிறிய ஒடோன்டோமா தென்பட்டு, அது எந்தப் பல்லையும் தடுக்காமலும் தொல்லை தராமலும் இருந்தால், அவர் வயதையும் உடல்நிலையையும் கருதி, அறுவையின்றி அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணிக்க மருத்துவர் முடிவு செய்யக்கூடும்.

அறுவை எப்படி நடக்கிறது?

முதலில் முழுத்தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எடுக்கப்படும். நரம்புக்கோ பிற பற்களின் வேருக்கோ மிக அருகில் கட்டி இருப்பதாகத் தோன்றினால் முப்பரிமாணப் படமும் தேவைப்படலாம். எக்ஸ்ரேயில் ஒடோன்டோமா வெண்மையாகவும், அதனைச் சுற்றி மெல்லிய கரும்வளையத்துடனும் தெரியும். அந்த வளையமே அதன் உறை.

சிறிய கட்டியாக இருந்து, குழந்தையும் ஓரளவு வளர்ந்து ஒத்துழைப்பதாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டே எடுத்துவிடலாம். மிகச் சிறிய குழந்தைகளுக்கும் பெரிய கட்டிகளுக்கும் முழுமயக்கம் தரப்படும். ஈறை மெல்லத் திறந்து, மேலே மூடியிருக்கும் எலும்பைச் சிறிதளவு நீக்கி, கட்டியை உறையோடு சேர்த்து எடுத்து, ஈறைத் தையலிட்டு மூடுவதே முறை. முழுவதுமாக எடுத்துவிட்டால் அது மீண்டும் வருவது அரிது.

எடுத்த பொருள் கண்ணுக்குப் பல்லாகவே தெரிந்தாலும், அதனை உறையுடன் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அதனை அறிந்து பெற்றோர் மீண்டும் அஞ்சவேண்டாம். பார்வைக்கு இதனை ஒத்த வேறு சில கட்டிகளும் உண்டு. ஒடோன்டோமாவின் உறையிலேயே நீர்க்கட்டி இருக்கவும் கூடும். நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்துகொள்வதே முறை. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடனிருப்போர் செய்யவேண்டியவை

அறுவைக்கு முன்: குழந்தைக்கு ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை, காயம்பட்டால் இரத்தம் நிற்கத் தாமதம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் முன்கூட்டியே கூறுங்கள். முழுமயக்கம் தருவதாயின் எத்தனை மணிநேரம் உணவும் நீரும் தரக்கூடாது என்று எழுதித் தருவோம். குழந்தை பசியால் அழுகிறதே என்று இரங்கி ஒரு பிஸ்கட்டோ ஒரு வாய்ப் பாலோ கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ஆபத்து உண்டு. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அறுவை நாளில்: வைத்த பஞ்சுத்துணியைச் சொன்ன நேரம்வரை கடித்திருக்கச் செய்யுங்கள். அடிக்கடி துப்பவோ உறிஞ்சுகுழலால் குடிக்கவோ வேண்டாம். உறைந்த இரத்தம் கலைந்துவிடும். மரத்துப்போன உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதால் உணர்வு திரும்பும்வரை அருகிலிருங்கள். கன்னத்தின் வெளிப்புறத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு ஒற்றுங்கள். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி போன்ற மென்மையான உணவே போதும். சூடானதும் காரமானதும் முறுக்கு, நிலக்கடலை போன்றவையும் வேண்டாம்.

அடுத்த நாள்களில்: ஒரு நாள் கழிந்தபின் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாக வாய் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்களில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்து பின்னர் வடியும், அது இயல்பே. நாங்கள் எழுதித் தராத வலிமாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கவேண்டாம். நிற்காத இரத்தக்கசிவு, காய்ச்சல், மூன்று நாள்களுக்குப்பின் கூடும் வீக்கம், வாய் திறக்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே வாருங்கள். கீழ்த்தாடையில் பெரிய கட்டி எடுக்கப்பட்டிருந்தால், எலும்பு கூடும்வரை கடினமான உணவும் ஓடியாடும் விளையாட்டும் கூடாது.

பெற்றோர் கேட்கும் சில கேள்விகள்

இது எங்கள் தவற்றால் வந்ததா? இல்லை. இனிப்பு தின்றதாலோ, பல் சரியாகத் துலக்காததாலோ, கருவுற்றிருந்தபோது தாய் உண்ட உணவாலோ இது வருவதில்லை. சிறு வயதில் பல்லில் அடிபட்டதும் தொற்றும் மரபும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பெரும்பாலான குழந்தைகளிடம் இன்ன காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட இயல்வதில்லை. தாயின்மீது பழி போடும் உறவினருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் வருமா? பொதுவாக வருவதில்லை. ஆயினும் ஒரே குழந்தைக்குப் பல இடங்களில் ஒடோன்டோமாவோ, கூடுதல் பற்களோ, தாடையில் எலும்புப் புடைப்புகளோ இருந்தால், குடும்பத்தில் யாருக்கேனும் குடலில் சதைவளர்ச்சியோ குடல் புற்றுநோயோ இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். கார்ட்னர் நோய்த்தொகுதி என்னும் அரிய மரபுநிலையில் இவை சேர்ந்து வருவதுண்டு. பல்லைப் பார்க்க வந்த இடத்தில் குடலைப் பற்றிக் கேட்கிறார்களே என்று எண்ணாமல் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கூடுதல் பல் அதிர்ஷ்டம் என்கிறார்களே? வரிசையில் இருந்து விலகிய பல்லைப் பற்றியும் கூடுதல் பல்லைப் பற்றியும் இத்தகைய நம்பிக்கைகள் பல உண்டு. நம்பிக்கையோடு நாங்கள் வழக்காடவில்லை. அதன் பொருட்டு எக்ஸ்ரே தள்ளிப்போகாதிருந்தால் போதும்.

நிலைப்பல் எப்போது வரும்?

நாங்கள் தொடக்கத்தில் கூறிய சிறுமியைப் போன்றோருக்குப் பாற்பல்லும் கட்டியும் ஒரே அறுவையில் எடுக்கப்படும். பின்னர் சில மாதங்கள் காத்திருந்து, படம் எடுத்துப் பார்ப்போம். பல் இறங்கத் தொடங்கியிருந்தால் காத்திருப்பைத் தொடர்வோம். அசையாமல் நின்றால் அதன்மீது சிறு பிடியொன்றை ஒட்டி, மெல்லிய சங்கிலியாலும் கம்பியாலும் மெதுவாகக் கீழே கொண்டுவருவோம். இதற்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை முன்வரிசையில் இடைவெளி இருக்கும். பள்ளியில் கேலி செய்வார்களோ என்று குழந்தை கூசினால், இடைவெளியை மறைக்கும் தற்காலிகப் பல் பற்றி எங்களிடம் கேளுங்கள்.

அறுவை முடிந்து குறித்த நாளில் திசு அறிக்கை வரும். தீங்கற்ற ஒடோன்டோமா என்ற அந்த ஒற்றை வரியைத் தந்தைக்குப் படித்துக் காட்டுவோம். முதல் நாளன்று பாட்டியிடம் மறைத்துக் கேட்ட கேள்விக்கு அவர் இப்போது பாட்டியின் முன்னிலையிலேயே விடை பெறுகிறார். அடுத்தமுறை வரும் பெற்றோர் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடக்காமல் வந்தால், எங்கள் வேலையும் எளிதாகும். குழந்தையின் பல்லும் தன் வழியில் தானே இறங்கி வரும். இன்று இரவு பல் துலக்கும் வேளையில் உங்கள் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.